பதிமூன்று படிகள், மஞ்சள் விளிம்பு

போன வாரம் தையல்காரியை ஒரு கண் சொட்டு மருந்துக் குப்பியும் கையுமாக விட்டுவிட்டு வந்தோம். கணவரின் சட்டைப் பை கிழிந்திருக்கிறதே என்று தைக்க எடுத்தவளிடம் அது அகப்பட்டது. கேட்டதற்கு, "தூசிக்குப் போடறது. நாள் முழுக்க ரோட்டுல கிடக்கிறேன்ல?" என்றார் வேன்காரர். அவளும் தலையாட்டிவிட்டுப் பையைத் தைத்துக் கொடுத்துவிட்டாள்.

நம்பினாளா என்று என்னைக் கேட்காதீர்கள். அந்த மாதத்தில் அவள் நம்பிய விஷயங்கள் ஒன்றா இரண்டா? பள்ளி வேனின் இடது பக்கக் கண்ணாடி உடைந்து தொங்கியது. "நிறுத்தி வச்ச இடத்துல எவனோ இடிச்சுட்டுப் போயிட்டான்" என்றார், நம்பினாள். வீட்டுக்குள்ளேயே மாடிப்படியில் பத்து நாளில் இரண்டு தடவை சறுக்கினார். "தேய்ச்சுத் தேய்ச்சு வழவழன்னு ஆக்கி வச்சிருக்கே" என்று பழியை அவள் தலையில் போட்டார், அதையும் நம்பினாள்.

நம்பியதோடு நிற்கவில்லை. படிகளுக்கு வினைல் விரிப்பு ஒட்டவும் ஏற்பாடு செய்துவிட்டாள். நீங்கள் விழுந்ததால்தான் என்று சொன்னால் மனிதருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்துவிடும். அதனால் கடையில், "எனக்கு முட்டி வலி, வழுக்காத படி இருந்தாத் தேவலை" என்று சொல்லி, மர நிறத்தில் பதிமூன்று படிக்கு ஆர்டர் கொடுத்துவிட்டு வந்தாள். அவள் முட்டியில் ஒரு வலியும் கிடையாது.

இந்த வாரம் காலை ஒன்பது மணிக்கு, அந்தப் படிகளுக்கு ஆள் வந்து இறங்கினார். நாம் பசைக்காரர் என்றே வைத்துக்கொள்வோம்.

ஒல்லியான மனிதர். ஒரு கையில் பசை டப்பா, இன்னொரு கையில் கருவிப் பை. கதவைத் திறந்த தையல்காரியைப் பார்த்ததும் குரலை உயர்த்தினார்.

"அம்மா, பையை இங்க வைக்கிறேன். உங்க வலது கால் பக்கம். தட்டிடாதீங்க."

"சரி" என்றாள் அவள்.

"அடுத்து வாளி வைக்கிறேன். வாளி. இடது பக்கம்."

"தெரியுது" என்றாள். காது கேட்காதவர் போலிருக்கிறது, அதுதான் இப்படிக் கத்துகிறார் என்று நினைத்துக்கொண்டு உள்ளே வழிவிட்டாள்.

வேன்காரர் காலைச் சுற்று முடித்து எட்டரைக்கே வந்துவிட்டிருந்தார். பிள்ளைகளைப் பள்ளியில் விட்டுவிட்டு வந்தால் மதியம் இரண்டேகால் வரை அவர் ராஜா. மாடியில் போய்ப் படுத்துவிடுவார். பசைக்காரர் வந்த சத்தம் கேட்டு மாடிப்படியின் உச்சியில் வந்து நின்றார்.

"சார், ஒண்ணு விட்டு ஒண்ணுதான் இன்னைக்கு ஒட்டுவேன்" என்றார் பசைக்காரர் கீழேயிருந்து. "எல்லாத்துலயும் பசை தடவிட்டா வீட்டுக்காரங்க எப்படி ஏறி இறங்கறது? ஒட்டாத படியில சாக்பீஸால பெருக்கல் குறி போட்டு வைப்பேன். அதுல மட்டும் கால் வைங்க. மிச்சத்தை நாளைக்கு முடிச்சுடலாம்."

"அதெல்லாம் பார்த்துக்குவேன்" என்று வேன்காரர் கையை ஆட்டிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார்.

பசைக்காரர் வேலையில் இறங்கினார். படிகளைச் சுரண்டினார், கூட்டினார், ஈரத் துணியால் துடைத்து உலர விட்டார். பிறகு ஒவ்வொரு படியிலும் அட்டையை வைத்துத் தனித்தனியாக அளவு எடுத்தார். ஒரு படியை அளந்து பதிமூன்றுக்கும் வெட்டிவிட்டால் ஆயிற்றே என்று தையல்காரிக்குத் தோன்றியது. அவள்தான் இரட்டைச் சகோதரிகளுக்கே தனித்தனி அளவு எடுக்கிறவள் என்பது அப்போது நினைவுக்கு வரவில்லை.

"கட்டினவர் எல்லாம் ஒரே அளவுதான்னு சத்தியம் பண்ணுவார்மா" என்றார் பசைக்காரர். "அளந்து பார்த்தா ஒண்ணு அரை விரக்கடை கூட, ஒண்ணு கம்மி. நம்ம காலுக்கு அது தெரியும். கண்ணுக்குத்தான் தெரியாது."

சுருட்டி வைத்திருந்ததைப் பிரித்தார். தையல்காரி படிக்குக் கீழே இருந்த தன் தையல் மெஷினிலிருந்து எழுந்து வந்தாள்.

விரிப்பு கறுப்பாக இருந்தது. கால் வைக்கும் விளிம்பில் இரண்டு விரல் அகலத்துக்குப் பளீரென்று மஞ்சள் பட்டை.

"இது எங்களுது இல்ல. நான் சொன்னது மர நிறம்."

"உங்களுதுதான்மா. மாத்தினாங்களே." பசைக்காரர் சட்டைப் பையிலிருந்து கடைச் சீட்டை எடுத்தார். படிக்கக் கொடுக்காமல் தாமே உரக்கப் படித்துக் காட்டினார். "பதிமூணு படி. கறுப்பு விரிப்பு, மஞ்சள் விளிம்பு. வீட்டம்மாவுக்குக் கண் பார்வை குறைவு."

"யாருக்கு?"

"உங்களுக்குத்தான். சார் கடைக்குப் போன் பண்ணிச் சொன்னாராம். முதல்ல கொடுத்த ஆர்டரை மாத்தி எழுதச் சொன்னாராம்." குரலைத் தணித்துக்கொண்டார். "ஆனா நீங்க ரொம்ப நல்லாச் சமாளிக்கிறீங்கம்மா. வந்ததுலேர்ந்து பார்க்கிறேன், ஊசியெல்லாம் கோர்க்கிறீங்க."

தையல்காரியின் விரலிடுக்கில் ஊசி இருந்தது. இருப்பதிலேயே மெல்லிய ஊசி. படிக்கட்டுக்குக் கீழேயிருந்த அந்த அரை இருட்டில், நூலை ஒரே தடவையில் கோர்த்துவிட்டுத்தான் எழுந்து வந்திருந்தாள்.

வாளியை எதற்குச் சொன்னார் என்பது அப்போதுதான் புரிந்தது. வேறு நாளாக இருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாள்.

"மஞ்சள் எதுக்கு?" என்று கேட்டாள். தன் கண்ணுக்கு ஒன்றுமில்லை என்று மட்டும் அவள் சொல்லவில்லை. சொன்னால் அடுத்த கேள்வி வரும்.

"பார்வை குறைஞ்சவங்களுக்குப் படி எங்க முடியுதுன்னு தெரியாதும்மா. எல்லாம் ஒரே தரையாத் தெரியும். மஞ்சள் கோடு இருந்தா நுனி தெரியும். எங்க அண்ணன் வீட்டுக்கும் இதைத்தான் ஒட்டினேன். என்ன, கொஞ்சம் தாமதமா ஒட்டினேன்."

"அவருக்கு என்ன?"

"நேரா பார்த்தா ஊசி முனை கூடத் தெரியும். பக்கத்துல லாரி வந்து நின்னாத் தெரியாது. குழாய்க்குள்ள பார்க்கிற மாதிரி இருக்குன்னு சொல்வார். ரெண்டு வருஷம் எங்க யாருக்கும் சொல்லல. மறைச்சுட்டார்."

"மறைச்சா வீட்டுல தெரியாதா?"

"தெரிஞ்சிருக்கணும். தம்ளரை மேசையில வைக்கும்போது முதல்ல விரலால மேசையைத் தொட்டுப் பார்ப்பார். படி இறங்கும்போது வாய்க்குள்ள எண்ணிக்கிட்டே வருவார். எப்பப் பார்த்தாலும் ஒரே பக்கத் தோள்ல சிராய்ப்பு. எதுலயாவது இடிச்சுட்டே இருப்பார். நாங்க கவனமில்லாத மனுஷன்னு திட்டினோம்."

பசைக்காரர் டப்பாவைத் திறக்கப் போய்விட்டார். தையல்காரி மெஷினுக்குத் திரும்பி வந்து உட்கார்ந்தாள்.

இடது தோளுக்கு அவள்தான் நான்கு நாளாகத் தைலம் தேய்த்துவிடுகிறாள். படி இறங்கும்போது உதடு அசைவதைப் பார்த்துப் பாட்டு முணுமுணுக்கிறார் என்று நினைத்தாள். தம்ளர் விஷயத்தை இனிமேல்தான் கவனிக்க வேண்டும் என்று எண்ணியவளுக்கு, கவனிக்கவே வேண்டாம், நேற்று ராத்திரியே பார்த்தாயிற்று என்பது நினைவு வந்தது.

அவர் ஓட்டுவது பள்ளிக்கூட வேன். பதினாலு பிள்ளைகள். அதில் ஒன்று, அவருடைய தங்கையின் ஏழு வயது மகள், வீட்டில் வாண்டு என்று கூப்பிடுவார்கள். ஓட்டுநருக்குப் பின் வரிசையில், இடது பக்க ஜன்னலோரம்தான் வேண்டும் என்று தினமும் அடம் பிடிக்கும்.

இடது பக்கம்.

இன்று காலையும் ஓட்டியிருக்கிறார். நேற்றும் ஓட்டினார். தான் சட்டைப் பையைத் தைத்துக் கொடுத்த மறுநாளும், அதே சட்டையைப் போட்டுக்கொண்டு ஓட்டினார்.

பதிமூன்று படி ஏறிப் போய், "என்னங்க, எழுந்திருங்க, உங்க கண்ணுக்கு என்ன?" என்று கேட்க எத்தனை நேரம் ஆகும்? கால் அங்குலம் கூடிப்போயிற்று என்று சண்டைக்கு வரும் வாடிக்கைக்காரர்களை நாலே வார்த்தையில் திருப்பி அனுப்புகிறவள் அவள். அன்றைக்குப் படியேற முடியவில்லை. அவர் ஆமாம் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்று பயம். இல்லை என்று சொன்னால் மறுபடியும் நம்பிவிடுவோமோ என்று அதைவிடப் பயம்.

நாத்தனார் வரட்டும் என்று முடிவு செய்தாள்.

சின்னவள் என்றுதான் வீட்டில் அவளுக்குப் பெயர். அடுத்த தெருவில் இருக்கிறாள். மருந்துக் கடையில் வேலை. தினமும் எட்டு மணிக்கு மகளை அண்ணன் வேனில் ஏற்றிவிட்டு, அவள் சைக்கிளில் கிளம்புவாள். "ஒரு மணிக்குச் சாப்பாட்டு நேரத்துல வரேன் அண்ணி, புதுப் படியைப் பார்க்கணும்" என்று நேற்றே சொல்லியிருந்தாள். மருந்து தெரிந்தவள். அண்ணனை அதட்டவும் தெரிந்தவள். அவள் பேச வேண்டிய விதத்தில் பேசுவாள்.

"அம்மா, அடுப்பு எரியுதா?" என்று பசைக்காரர் கத்தினார்.

"இல்ல."

"பத்த வைக்காதீங்க. இந்தப் பசை ஆவி நெருப்பைக் கண்டாப் பிடிச்சுக்கும். ஜன்னல் எல்லாம் திறந்தே இருக்கட்டும்."

வீடு முழுக்கப் பசை நெடி. தலை கிறுகிறுத்தது. காலையில் ஆக்கி வைத்த சாப்பாடு ஆறிக் கிடந்தது. யாருக்கும் பசிக்கவில்லை.

மணி ஒன்று ஆயிற்று. சின்னவள் வரவில்லை.

ஒன்றேகாலுக்குத் தையல்காரி போன் செய்தாள். அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது என்றது. கடையில் கூட்டமாக இருக்கும் என்று நினைத்தாள். ஒன்றரைக்குச் செய்தாள். அதே பதில். சின்னவள் போனை அணைத்து வைத்து அவள் பார்த்ததில்லை. மகள் பள்ளியில் இருக்கும் நேரத்தில் குளிக்கப் போனால்கூடப் போனை எடுத்துக்கொண்டு போகிறவள்.

பசைக்காரர் கீழ்ப் படிகளை ஒட்டி முடித்து, உருளையால் அழுத்திவிட்டு, மேல்படிகளுக்குப் பசை தடவியிருந்தார். படியிலும் தடவினார், விரிப்பின் முதுகிலும் தடவினார். பிறகு ஒட்டாமல் நடுப்படியில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"ஏன் நிக்கறீங்க?" என்றாள் அவள். ஏதாவது பேசிக்கொண்டிருந்தால் தேவலை போலிருந்தது.

"கால் மணி நேரம் காயணும். விரல் வச்சா விரல்ல வரக் கூடாது. அப்பத்தான் வைக்கணும். வச்சா வச்சதுதான், எடுத்து நகர்த்தவே முடியாது."

இரண்டாயிற்று. மாடியில் கட்டில் முனகியது.

தையல்காரி எழுந்தாள். வாசல் கதவோரம் ஆணியில் வேன் சாவி தொங்கியது. அதை எடுத்து உள்ளங்கையில் வைத்து, சத்தம் வராமல் விரல்களை இறுக மூடிக்கொண்டாள். என்ன செய்யப் போகிறோம் என்று அவளுக்கே தெரியாது. சாவியை எடுத்தாயிற்று, அவ்வளவுதான்.

வேன்காரர் முகம் கழுவித் தலை வாரிக்கொண்டு படியின் உச்சிக்கு வந்தார். சுத்தமான சட்டை. கை சுவரைத் தொட்டது.

பதிமூன்றாவது படி, அதாவது உச்சியிலிருந்து முதல் படி, வெறும் படி. அதில் சாக்பீஸால் ஒரு முழத்துக்குப் பெருக்கல் குறி போட்டிருந்தது. அதற்குக் கீழே பன்னிரண்டாவது, பசை தடவி மினுமினுத்துக்கொண்டிருந்தது.

அவருடைய உதடு அசைந்தது. பசைக்காரர் காலையில் சொன்னது அவருக்கு நன்றாக நினைவிருந்தது. ஒன்று விட்டு ஒன்று. எதை விடுவது, எதில் வைப்பது என்பதை மட்டும் அவர் கணக்குப் போட்டுத்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

கணக்குப் போட்டார். காலை நீட்டினார். அத்தனை பெரிய வெள்ளைக் குறி போட்ட படியைக் கவனமாகத் தாண்டி, பசையின் நடுவில் பாதத்தை முழுசாக வைத்தார்.

"சார்! பசை!"

வேன்காரர் அப்படியே நின்றார். ஒரு கால் பசையில், ஒரு கால் மேலே. இரண்டு கையாலும் சுவரைப் பிடித்துக்கொண்டார். குரல் வந்த திசையில் அல்ல, நேரே எதிர்ச் சுவரைப் பார்த்தபடி, "தூக்கக் கலக்கம்" என்று சிரித்தார்.

பசைக்காரர் சிரிக்கவில்லை. வேன்காரரைப் பார்த்தார். பிறகு மெதுவாகத் திரும்பி, கீழே நின்ற தையல்காரியைப் பார்த்தார். யாருக்குக் கண் பார்வை குறைவு என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

குறி போட்ட படிகளில் ஏறிப் போய், பழந்துணியால் அவர் பாதத்தைத் துடைத்தார். கையைப் பிடித்துக்கொண்டு, "இப்ப இதுல. இப்ப ஒண்ணைத் தாண்டி அடுத்ததுல" என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக் கீழே கொண்டுவந்து விட்டார்.

"நல்ல வேலை பண்றீங்க" என்று வேன்காரர் அவருக்குச் சான்றிதழ் கொடுத்தார். நேரே வாசலுக்குப் போய்ச் சுவரைத் தடவி ஆணியைத் தேடினார். ஆணி கிடைத்தது.

"சாவி எங்க?"

தையல்காரி அவருக்கு இடது பக்கம், ஒரு கை தூரத்தில் நின்றாள். விரல்களைத் திறந்து சாவியை நீட்டினாள். சாவி மோதிச் சத்தம் போட்டுவிடக் கூடாதே என்று மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

பாருங்க. பார்த்துடுங்க. ஒரு தடவை பார்த்துட்டா நான் வாயே திறக்க மாட்டேன்.

"என்னம்மா, சாவி எங்க வச்சே? நேரமாகுது."

"என் கையில."

அவர் நேரே பார்த்தார். வலப்பக்கம் திரும்பினார். பிறகு தலை முழுவதையும் இடப்பக்கம் திருப்பி, அவள் முகத்தைக் கண்டுபிடித்து, முகத்திலிருந்து தோளுக்கு, தோளிலிருந்து முழங்கைக்கு, கடைசியில் கைக்கு வந்து சேர்ந்தார்.

அவ்வளவு நேரம் ஆயிற்று.

"விளையாடாத. கொடு" என்றார். குரலில் சூடு ஏறியது. "பதினாலு பிள்ளைங்க வாசல்ல வந்து நிக்கும்."

"தர மாட்டேன்."

"உனக்கென்ன பைத்தியமா?"

"எனக்குக் கண்ணு சரியாத் தெரியாதுன்னு கடையில யாருங்க சொன்னது?"

வேன்காரர் கையைப் பின்னால் நீட்டிப் படியைத் தேடிப்பிடித்து, குறி போட்ட முதல் படியில் உட்கார்ந்தார். உட்கார்ந்த பிறகு பத்து வயது கூடினவராகத் தெரிந்தார்.

"நாலு மாசம் ஆச்சு" என்றார்.

"டாக்டர் என்ன சொன்னார்?"

"போனது வராதாம். இருக்கிறதைக் காப்பாத்தத்தான் சொட்டு மருந்து."

"வண்டி?"

அவர் சட்டைப் பையைத் தடவினார்.

"வண்டி ஓட்டலாம்னு சொன்னாரா?"

"கூடாதுன்னார்."

"ஓட்டினீங்க."

"நான் மெதுவாத்தான் ஓட்டறேன். இருபது வருஷமா ஓட்டற ரோடு. ஒவ்வொரு மேடும் பள்ளமும் எனக்குத் தெரியும்..." என்று சப்பைக்கட்டு கட்ட ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

தையல்காரிக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தன. பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது. கட்டிக்கொள்ளவும் வேண்டும் போலிருந்தது. குப்பியைக் கண்டெடுத்த அன்றைக்கே இதைக் கேட்டிருக்கலாம் என்பது எல்லாவற்றையும்விட அதிகமாகக் குத்தியது. அவளுக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்துகொள்ளப் பயந்து பையைத் தைத்துக் கொடுத்தாள்.

மணி இரண்டு பத்து. முதலில் பிள்ளைகள். பள்ளிக்குப் போன் செய்தாள்.

"வேன் இன்னைக்கு வராதுங்க. பெத்தவங்களுக்குச் சொல்லிடுங்க."

"கடைசி நேரத்துல சொன்னா எப்படிங்க?" என்று அலுவலகக்காரர் எரிந்து விழுந்தார். "என்ன விஷயம்?"

அவள் கணவரைப் பார்த்தாள். அவர் தலை குனிந்திருந்தது.

"வண்டி ரிப்பேர்" என்றாள்.

மேல்படியில் உருளையின் சத்தம் ஒரு கணம் நின்றது. பிறகு மறுபடியும் ஓடியது.

போனை வைத்துவிட்டு அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். சாவி இன்னும் கையில்தான் இருந்தது. உள்ளங்கையில் அதன் பல் பதிந்திருந்தது.

"இன்னொண்ணு இருக்கு" என்றார் அவர்.

"என்ன?"

"காலையில பிள்ளைங்களை இறக்கிவிட்டுத் திரும்பி வரும்போது, இடது பக்கம் ஏதோ தட்டின மாதிரி இருந்தது."

"என்னது தட்டிச்சு?"

"தெரியல. ஒரு சத்தம். டப்புன்னு." நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "ஓரத்துல ஏதாவது பெட்டியா இருக்கும்னு நினைச்சேன். பழக்கடை வளைவுல எப்பவும் காலிப் பெட்டியை ரோட்டுலதான் அடுக்கி வைப்பாங்க."

"நிறுத்திப் பார்த்தீங்களா?"

அவர் தலையை ஆட்டினார். இல்லை என்று.

"எத்தனை மணிக்கு?"

"எட்டேகால் இருக்கும்."

தையல்காரி கேட்டதையே மறுபடி தனக்குள் சொல்லிப் பார்த்தாள். எட்டேகால். பழக்கடை வளைவு. அந்த வளைவைத் தாண்டித்தான் மருந்துக் கடை. எட்டு மணிக்கு மகளை வேனில் ஏற்றிவிட்டுச் சைக்கிளை எடுத்தால், எட்டேகாலுக்கு அந்த வளைவில்தான் ஒருத்தி இருப்பாள்.

போனை எடுத்துத் தப்புத் தப்பாக எண்ணை அழுத்தினாள். அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது. மறுபடியும் அழுத்தினாள்.

"யாருக்குப் போன் பண்றே?" என்றார் அவர். முகத்தைப் பார்த்தார். நேராகப் பார்த்தால்தான் அவருக்கு எல்லாம் தெரியுமே. தெரிந்துவிட்டது. "ஐயோ" என்று எழுந்தார். எழுந்த வேகத்தில் இடது தோள் கதவில் இடித்தது. "ஐயோ, சின்னவளா? சொல்லு. சின்னவளா?"

பசைக்காரர் உருளையைக் கீழே வைத்துவிட்டுக் குறி போட்ட படிகளில் தாவி இறங்கி வந்து அவரைப் பிடித்துக்கொண்டார். "இருங்க சார். நான் போய்ப் பார்த்துட்டு வரேன். எந்த வளைவு?"

தையல்காரி அதற்குள் செருப்பில் காலை நுழைத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினாள். கேட்டைத் திறக்கக் கை போகும்போது அது வெளியிலிருந்து திறந்தது.

சின்னவள் நின்றாள்.

வலது கையில் முழங்கையிலிருந்து விரல் வரை கட்டு. கழுத்திலிருந்து துணித் தொட்டிலில் கை தொங்கியது. கன்னத்தில் சிராய்ப்பு, உடை முழுக்க ரோட்டுத் தூசி. ஓடி வந்திருக்கிறாள். மூச்சு வாங்கியது.

"அண்ணி, அண்ணன் கிளம்பிட்டாரா? வேன் போயிடுச்சா?"

"இல்ல."

"போகல?"

"போகல. இனிமே போகாது."

சின்னவள் கேட்டிலேயே சாய்ந்துகொண்டு அழுதாள். தையல்காரி கட்டுப் போடாத பக்கமாக அவளை அணைத்து உள்ளே கூட்டிக்கொண்டு வந்தாள்.

வேன்காரர் தங்கையைக் குரலால்தான் கண்டுபிடித்தார். இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு வந்து அவள் தலையைத் தொட்டார், முகத்தைத் தொட்டார், கட்டைத் தொட்டதும் கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டார்.

"நான்தானே?" என்றார்.

"போன் உடைஞ்சு போச்சு அண்ணே. எந்த நம்பரும் மனப்பாடம் இல்ல, அதான் கூப்பிட முடியல. கிளினிக்ல ஒரே கூட்டம், விடவே மாட்டேனுட்டாங்க. நீங்க ரெண்டேகாலுக்குக் கிளம்பறதுக்குள்ள வந்துடணும்னு..."

"நான்தானேம்மா?"

"வேன் பின்பக்கத்துல நம்ம வாண்டு ஒட்டின ஸ்டிக்கரைப் பார்த்தேன்" என்றாள் சின்னவள்.

தையல்காரி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். சின்னவள் இடது கையால் வாங்கிக் குடித்தாள்.

"டாக்டர் எப்படி ஆச்சுன்னு கேட்டார். வீட்டு மாடிப்படியில வழுக்கி விழுந்துட்டேன்னு சொல்லிட்டேன்."

பசைக்காரர் தாம் ஒட்டிய படிகளைத் திரும்பிப் பார்த்தார். முட்டி வலி, வீட்டம்மாவின் பார்வை, இப்போது இந்தக் கை. ஒரு குடும்பத்தில் மூன்று பேரும் ஒருவருக்கொருவர் தெரியாமல் அந்தப் பதிமூன்று படிகளின் மேலேயே பொய்யை ஏற்றி வைத்திருந்தார்கள். அவர் கருவிகளைப் பையில் அடுக்க ஆரம்பித்தார்.

"ஆனா அண்ணி" என்று சின்னவள் தணிந்த குரலில் சொன்னாள், "பழக்கடைக்காரர்தான் என்னைத் தூக்கி விட்டார். வேண்டாங்க, விட்டுடுங்கன்னு எவ்வளவோ சொன்னேன். கேட்கல. பள்ளிக்கூட வண்டின்னதும் அவருக்குக் கோபம் வந்துடுச்சு. வண்டி நம்பரையும், வண்டியில எழுதியிருக்கிற உங்க போன் நம்பரையும் கையில எழுதிக்கிட்டார். சும்மா விட மாட்டேன்னார்."

தையல்காரி மனசுக்குள் வேகமாகத் தைக்க ஆரம்பித்துவிட்டாள். வண்டி ரிப்பேர் என்று பள்ளிக்குச் சொல்லியாயிற்று. அடிபட்டவளே படியில் விழுந்தேன் என்கிறாள். பழக்கடைக்காரர் நம்பரைச் சரியாகப் பார்த்தாரா என்ன? ஒட்டுப் போட்டுவிடலாம்.

அவள் மடியில் போன் அடித்தது.

தெரியாத எண். மூவரும் அதைப் பார்த்தார்கள். அடித்துக்கொண்டே இருந்தது.

"நான் பேசறேன்" என்றாள் தையல்காரி. "வண்டி ரெண்டு நாளா ஷெட்ல இருக்குன்னு சொல்லிடறேன். நீங்க மாடிக்குப் போங்க."

வேன்காரர் போகவில்லை. கையை நீட்டினார். கை போன் இருந்த இடத்துக்கு ஒரு சாண் தள்ளிப் போய் நின்றது.

"கொடு" என்றார்.

அவள் கொடுக்கவில்லை. அவர் கையை மடக்கவும் இல்லை. வெறும் காற்றில் நீட்டியபடியே நின்றார். பார்க்கப் பொறுக்காமல் அவள் அந்தக் கையைப் பிடித்து, அதில் போனை வைத்தாள்.

"ஆமாங்க, என் வண்டிதான்" என்றார் வேன்காரர். "காலையில நான்தான் ஓட்டினேன். எனக்குக் கண்ணு தெரியலைங்க."